ஆமெனுக்குக் காத்திருந்த நாய்

சேரன்மகாதேவி உபதேசியார் தேவமணியின் வீட்டுப் புறவாசல் கால்வாய்க்கரை வரை நீண்டு கிடந்தது. பட்டா அவர் பேரில், குடியிருந்தது மற்றவர்கள். முருங்கையடியில் கீரிக் குடும்பம், பனையோலைக் குவியலில் மரநாய், விடிந்ததும் மிளகாய்ச் செடியைக் கொத்த வரும் மயில்கள், தாழம்புதருக்குள் ஒரு நரி.

இவர்களைக் காலி பண்ணத்தான் நீரோ வந்தது. சீமைக்குத் திரும்பிய பாதிரி துரை விட்டுப்போன நாய். கிறிஸ்தவர்களை வதைத்த ராஜாவின் பேரை அதற்கு வைத்தது துரையின் வேடிக்கை. நாயோ பரம பக்தன். குடும்ப ஜெபம் தொடங்கியதும் புறவாசற்படியில் முகத்தைக் கால்மேல் வைத்துப் படுக்கும். ‘ஆமென்’ கேட்கும்வரை காதைக்கூட ஆட்டாது. துரை அப்படிப் பழக்கியிருந்தார்.

“மனுஷருக்கு இல்லாத அடக்கம்” என்று உபதேசியார் பிரசங்கத்திலேயே சொன்னார். சபையார் தலைகுனிந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முன்பே குனிந்திருந்தார்கள்.

நீரோ வந்த பிறகுதான் கோழிகள் குறைந்தன. உபதேசியாரின் மனைவி பாக்கியவதிக்கு மிஞ்சியது அடையில் இருந்த செவலைக் கோழி ஒன்றுதான். முட்டைகள் பொரிக்கும் சமயம். அதுவும் போனால் மறுபடி தொடங்க ஒரு இறகுகூட இல்லை.

“துரை நாய் நரிக்குத்தான் காவலா வே?” என்று வேலிக்கு அப்பாலிருந்து உபதேசியாரிடம் கேட்டார் அடுத்த வீட்டுக் கருத்தையா. “பகல் பூரா மயிலை வெரட்டுது. பொழுது சாஞ்சா சாதுவாயிருது.”

“அது ஜெபத்துல இருக்கும். உமக்குச் சொன்னா விளங்காது வே.”

“நரிக்கு விளங்கிட்டே.”

அன்று விளக்கேற்றியதும் உபதேசியார் கண்ணை மூடினார். அவர் ஜெபம் வீட்டில் புறப்பட்டு, சபை, கால்வாய்த் தண்ணீர், கலெக்டர், சக்கரவர்த்தி என்று போய், அந்த வருஷம் நடந்துகொண்டிருந்த ருஷிய–ஜப்பான் யுத்தம் வரை எட்டும். கருத்தையா சொன்னது மனதில் உறுத்த, கலெக்டர் வந்த இடத்தில் பாக்கியவதி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

நரி புறவாசலில் நிதானமாக நடந்து வந்தது, சொந்த வீட்டுக்கு வருவதைப்போல. படியில் நீரோ உடம்பெல்லாம் நடுங்க நரியைப் பார்த்தது. உபதேசியாரின் வாயைப் பார்த்தது. அவர் ருஷியாவை நெருங்கிக்கொண்டிருந்தார். நரி கோழியை மூடியிருந்த பஞ்சாரக் கூடையை மூக்கால் புரட்டியது. செவலை கத்தியது.

“ஆமென்” என்றாள் பாக்கியவதி.

நீரோ பாய்ந்தது. நரி கவ்விய கோழியைப் போட்டுவிட்டுக் கால்வாய்க்குள் குதித்தது. செவலை எழுந்து, இறகை உதறி, எல்லாரையும் வைதுகொண்டே அடைக்குத் திரும்பியது. பாக்கியவதி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே கொத்தும் சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் முடிக்கதுக்குள்ள நீ எப்படி ஆமென் சொல்லலாம்?”

“நீங்க ருஷியாவுல இருந்து வாரதுக்குள்ள நரி முக்கூடலுக்கே போயிருக்கும். நாய் உங்க வாயைப் பாத்துக்கிட்டே கெடக்கு.”

உபதேசியார் நாயைப் பார்த்தார். அது வாலாட்டியது. அந்த வீட்டில் அவர் சொல்லைக் கேட்டது அது ஒன்றுதான். அதைக் கோபிக்கவும் முடியவில்லை.

மறுநாள் ஜெபம் கால்வாய்த் தண்ணீரோடு நின்றது. “ஆமென்” என்றதும் பாக்கியவதி பெருமூச்சு விட்டாள், நீரோ துள்ளி எழுந்தது. வேலிக்கு அப்பாலும் யாரோ “அப்பாடா” என்றார்கள். செவலையின் வயிற்றுக்கடியில் புதுக் குஞ்சுகள் கீச்சிட்டன.

நரி பாதி வழியில் திரும்பிப் போனது. அதன்பின் சில நாள் கால்வாய்க்கரையில் வந்து உட்கார்ந்து காத்திருக்கும். அந்த வீட்டில் ருஷியாவுக்காக ஏங்கியது அது மட்டுந்தான்.