கப்பலின் கடைசி சீட்டு

அவர் பஸ் டிரைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகிறது. வீட்டுக்காரிக்கு அவரிடம் ஒரே ஒரு மனக்குறை. கல்யாணமான நாள் முதல் எந்தப் பயணத்திலும் அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. எங்கே போனாலும் அவர் ஓட்டும் பஸ்தான், அவருக்குப் பின்னால் முதல் சீட்டுதான். வழி முழுக்கப் பிடரி தரிசனம். காதுக்குக் கீழே இருக்கிற மச்சம் அவளுக்கு மனப்பாடம். சரி, பேச்சாவது கொடுக்கலாமென்றால் ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்று தலைக்கு மேலே பலகை வேறு.

அதனால்தான் மகள் சுற்றுலாக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“வழியெல்லாம் வெறும் கடல்மா. அப்பா எங்க ஓடிடப் போறாரு?” என்றாள் மகள்.

ஓடித்தான் போனார். கப்பலின் முகப்பில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த கூடம் ஒன்று இருந்தது. முதல் நாள் காலையில் அங்கே போய் நின்றவர் நின்றவர்தான்.

“ஏங்க, கொஞ்சம் உக்காருங்களேன். நாற்காலி கடிக்காது.”

“எவன் ஓட்டுறான்னே தெரியாம எப்படிம்மா உக்கார்றது?”

தூரத்தில் ஒரு படகு புள்ளியாகத் தெரிந்தால் போதும், அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். டிப்போவில் அவருக்கு ‘பிரேக்கு’ என்று பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

அவள் மேல்தளத்தில் நீச்சல் குளத்து ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைப்பாள். யாராவது கேட்டால், “ஆள் வராங்க” என்பாள். மாயாஜாலக் காட்சியிலும் அதே கைப்பை, அதே பதில். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காரும் பல் டாக்டரம்மா கடைசியில் கேட்டேவிட்டார். “தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் நிஜமாவே கப்பல்ல ஏறினாரா?”

மறுநாள் கப்பல் ஓட்டும் அறையைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டினார்கள். ஓட்டுகிறவரைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனுஷன் அடங்கிவிடுவார் என்று அவளே அவரை அனுப்பிவைத்தாள். பேயறைந்த மாதிரி திரும்பி வந்தார்.

“ஸ்டியரிங்கை யாருமே பிடிக்கல. அது பாட்டுக்குப் போகுது. அங்க இருக்கிற ஆளு கையைக் கட்டிக்கிட்டு கடலைப் பாக்குறான்.”

அன்று சாப்பிடவும் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டார். வந்த கோபத்தில் அவள் அவருடைய பங்கு ஐஸ்கிரீமையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

கடலில் கடைசி நாளும் வந்துவிட்டது. விடிந்தால் கரை. முகப்புக் கூடத்து வாசலில் நின்று அந்தப் பழைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கண் முன்னால் வழி என்று ஒன்று இருக்கிறவரை அந்தக் கால் சும்மா இருக்காது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேரே கப்பலின் பின்கோடிக்குப் போனாள். அங்கே இரண்டு சாய்வு நாற்காலிகளை ஒட்டிப் போட்டாள். திரும்பி வந்து அவர் காதருகே சொன்னாள்.

“ஏங்க, பின்பக்கம் ஏதோ சத்தம் வருது. கடகடன்னு.”

ஒரு டிரைவரை இடத்தைவிட்டுக் கிளப்ப வேறென்ன வேண்டும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமாக வந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“எஞ்சின் சத்தம்தான். நல்ல கண்டிஷன்லதான் இருக்கு.”

“நின்னுக்கிட்டே கேட்டா? உக்காந்து கேளுங்க.”

உட்கார்ந்தார். கண்ணெதிரே கப்பல் கடந்து வந்த தண்ணீர் வெள்ளைப் பாதையாக விரிந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு படகு தெரிந்தது, அதுவும் தாண்டி வந்துவிட்ட படகு. வலது கால் எதையோ தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

“இது கடைசி சீட்டும்மா. தூக்கித் தூக்கிப் போடும்.”

“போடுதா?”

“இல்ல.” கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். “மூக்குக்கண்ணாடி எப்ப மாத்தின?”

“உங்க பொண்ணு கல்யாணத்துக்கு.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றவர் அடுத்த பேச்சுக்கு வாய் திறக்கும் முன் கொட்டாவி விட்டார். தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. குறட்டையும் வந்தது. தூக்கத்தில் கால் ஒருமுறை துள்ளியது. அவள் தன் காலை மெல்ல அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கமாக உலாவ வந்த பல் டாக்டரம்மா நின்று, இவர்தானா என்று புருவத்தாலேயே கேட்டார்.

“ஆள் வந்துட்டாங்க,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. கைப்பை மடியில் இருந்தது.