உப்பில்லாத இங்கிலீஷ்

சுனந்தா இங்கிலீஷ் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, வாடகைக்கு விட்ட அறையில். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு. பின்பக்கத்து அறையில் டெரெக் என்ற ஆஸ்திரேலியாக்காரன் குடியிருந்தான். வெயிலைப் பார்த்தால் 'பிளடி ஹாட்' என்பான். அவள் தரும் டீயைக் குடித்துவிட்டு 'பிளடி குட்' என்பான். நடுநடுவே ஒரு 'யூ நோ'. நாம் 'வந்து... வந்து...' என்று இழுக்கிறோமே, அந்த மாதிரி. 'பிளடி' என்றால் 'ரொம்ப' என்று அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். யாரைப் போய்க் கேட்பாள், பாவம்!

இத்தனைக்கும் அவள் லேசுப்பட்டவள் இல்லை. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதற்கு மேல் அவளே போட்ட சட்டம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் யார் வாயில் கெட்ட வார்த்தை வந்தாலும், அன்றைக்கு அவர்களுக்கு உப்பில்லாத சோறுதான்.

புருஷன் பார்சுவநாதன் கணக்கு எழுதிய அரிசி மண்டியை மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் மேனேஜர் வேலை காலியாகப் போகிறது, இங்கிலீஷ் தெரியவேண்டும் என்று சேதி வந்தது. விடுவாளா சுனந்தா? தினம் காலையில் அவனை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"குட் ரூம்னு மொட்டையா சொல்லாதீங்க. பிளடி குட் ரூம்னு சொல்லுங்க. அப்பதான் மரியாதை."

அவனும் நல்ல பிள்ளையாகச் சொன்னான். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவனுக்குப் பிரஷர் வந்து தொலைத்தது. டாக்டர் சொன்னார் என்று உப்பையே விட்டுவிட்டான். வேலையும் இல்லை, உடம்பும் இப்படியா என்று அவள் தினம் புலம்பினாள்.

இன்டர்வியூ நாள் வந்தது. பார்சுவநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான். டெரெக் டீக்கு வந்து நின்றான்.

"மை ஹஸ்பண்ட், பிளடி இன்டர்வியூ டுடே, யூ நோ!" என்றாள் சுனந்தா பெருமையாக.

டெரெக் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "அவரும் இப்டி பேசுவாரா?" என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

"நான்தானே சொல்லிக்குடுத்தேன்!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, அம்மா! அது திட்ற வார்த்தை. எனக்குக் கெட்ட பழக்கம். நீங்க தெரிஞ்சுதான் வேடிக்கையா சொல்றீங்கன்னு நெனச்சேன். வேலை கேக்கற எடத்துல சொன்னா, வெளிய போன்னுவாங்க!"

தன் வாயாலேயே புருஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே! செருப்புகூடப் போடாமல் விடுதியைப் பார்த்து ஓடினாள். பாதி வழியில் பார்சுவநாதன் எதிரே வந்தான்.

"போச்சாங்க?"

"என்னா போச்சு? திங்கக்கெழமையே வரச் சொல்லிட்டாங்க."

"அந்த... பிளடி சொன்னீங்களா?"

"அதைப் போயி அங்க சொல்வாங்களா? உன் யூ நோதான் கைகுடுத்துச்சு. வார்த்தை வராதப்போல்லாம் அதைப் போட்டு இழுத்தேன், அதுக்குள்ள வந்துடுச்சு."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆரம்பத்துலயே தெரியும். பஸ் ஸ்டாண்டுல ஒரு வெள்ளைக்காரன் ரிக்‌ஷாக்காரரை அதைச் சொல்லித்தான் திட்டினான்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா, பேசின பேச்சுக்கெல்லாம் சேத்து நீ மாசக்கணக்குல உப்பில்லாம கெடப்ப. உன்னப் பத்தித் தெரியாதா?"

"தெரிஞ்சுகிட்டே தினம் என் எதிர்ல நீங்களும் சொன்னீங்களே..." சட்டென்று நிறுத்தினாள். "அப்ப, பிரஷரு?"

"பிரஷராவது, ஒண்ணாவது! தெரிஞ்சே சொன்ன வாய்க்கு உப்பு எதுக்கு?"

சுனந்தா ரோட்டோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. "அடப் பாவி மனுஷா" என்றாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டாள். அவனுக்குத் தாராளமாக உப்புப் போட்ட ரசம். தனக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"நீ ஏன்?"

"காலையில டெரெக்குகிட்ட சொன்னேனே. சட்டம்னா சட்டம்தான். அத விடுங்க, ரசம் எப்படி இருக்கு?"

முதல் வாய் உள்ளே போனதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள..."

சுனந்தா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"மொதல்ல சாப்ட்டு முடிங்க!"