குடைக்கம்பியில் ஒரு மண்மணி

...அதுவும் சுற்றுகிறது, என்னமாய்ச் சுற்றுகிறது பார், ஒரு ஆட்டம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை, குடைக்கம்பியில் கோத்த இத்தனூண்டு மண்மணி, ரப்பர்க்கொட்டை பருமன்கூட இல்லை, அதைத் தொடைமேல் வைத்து உருட்டி விடுகிறாள் என் பெண்சாதி தாயம்மா, அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டே சுழல்கிறது, அவள் விரலிலிருந்து பஞ்சு நூலாக இறங்குகிறது, நான் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் குந்தி மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறேன், உரிக்கிறேன் என்று பேர், கண் அங்கேதான் கிடக்கிறது. நூல் நூற்க நான் செய்து கொடுத்த கதிர் எங்கே போயிற்று? ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைத் திரட்டி உருண்டையாக்கி, வெயிலில் காயவைத்து, நடுவில் கம்பி சொருகிக் கொடுத்தேனே... சுற்றினால் வாத்து நடந்த மாதிரி ஆடும், நூல் பட்டுப்பட்டென்று அறும், சரி, கனம் ஜாஸ்தி, மெல்லிசு நூலுக்குக் கனம் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன், அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, அந்தோணிதாஸிடம் ஏன் போய் நின்றாள்? போய் நின்றாளா, இல்லை அவனாகக் கொண்டுவந்து நீட்டினானா? இது எனக்குத் தெரிந்தாக வேண்டும். திங்கட்கிழமை லாபு ஸ்டேஷனில் ஆள் ஏற்றுகிறார்கள், சயாமுக்கு, ரயில்பாதை போட, தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி என் பேரையும் கூப்பிட்டுவிட்டார், முன்னே போனவனில் ஒருத்தன்கூட இன்னும் திரும்பவில்லை, அதற்குள் தெரிய வேண்டும்.

அந்தோணிதாஸுக்குச் சயாம் கிடையாது. துரை பங்களாச் சமையல்காரன், துரை சிங்கப்பூருக்கு ஓடும்போது சாவிக்கொத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார், இப்போது ஜப்பான் ஆபீசருக்கு அவன் வைக்கிற மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதாம், ஆக அவன் இருப்பான், நான் போவேன், இவள் இங்கே இருப்பாள். பங்களாக் கண்ணாடி அலமாரியில் அந்த மாதிரி மணி ஒரு கூடை இருக்கிறதாம். பெரு என்று ஒரு தேசமாம், துரை இங்கே வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவராம், மண்ணைத் தோண்டினால் கிடைக்குமாம், நூல் நூற்கிற பொம்பளை செத்தால் கூடவே கதிரையும் வைத்துப் புதைப்பார்களாம்... எல்லாம் அவனே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான், "அலமாரில சும்மா தூங்குதுண்ணே, தங்கச்சிக்காச்சும் ஆகட்டுமேலா." தங்கச்சியாம். பக்கத்து வீட்டு லெட்சுமி சும்மா இருப்பாளா, குழாயடியில் அத்தனை பேர் முன்னால், "ஏண்டி தாயம்மா, இன்னிக்கு மணி வந்திருக்கு, நாளைக்கு அலமாரியே நடந்து வருமா?" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்?

நூலைக் கதிரோடு தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் எடுத்துப் பார்த்தேன். அவள் கைச்சூடு இன்னும் இருந்தது. கறுப்பு மண், சுற்றிலும் கீறல், கீறலுக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, நீட்டு மூக்கு வைத்த பறவை ஒன்றின் பின்னால் ஒன்று, நடுவே படிப்படியாய்க் கோடு. என்னை மாதிரி மீசை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவனுக்கு எந்தக் கோட்டைப் பார்த்தாலும் வாய் தானாக முணுமுணுக்கும், இதிலே ஒன்றும் பிடிபடவில்லை. எவளோ ஒருத்தி விரல் தேய்த்துத் தேய்த்து ஓட்டை வழவழவென்று ஆகியிருக்கிறது. அவள் புருஷனும் இப்படி உட்கார்ந்து வெந்தானா? கல்லில் வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான், தவறி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்... கிழங்கு உரிக்கிற கத்திப்பிடியை ஓங்கிக்கூட விட்டேன்.

"ஏங்க," என்று வெளியே வந்தாள், "அதை இப்படிக் குடுங்க, இந்த முனையைப் பிடிங்க, முறுக்கணும்."

"யாருக்கு இவ்வளவு மெல்லிசு நூலு?"

ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை வெளியே இழுத்தாள். கயிறு இற்றுப்போய் மூன்று இடத்தில் அன்னாசி நார் போட்டு முடிந்திருந்தது. "சிரம்பான்ல கடை கடையா ஏறி எறங்கிட்டேன், நூலே கெடைக்கல. கோயில் பின்னால இருக்கிற ரெண்டு பருத்திச் செடியில பொறுக்கினேன். நீங்க சயாம்ல இருக்கிறப்ப இது அறுந்து விழுந்தா ஊரு என்ன சொல்லும், எனக்குத்தான் எப்படி இருக்கும்? மஞ்சத்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன். போறதுக்குள்ள உங்க கையால மாத்திட்டுப் போங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. என் தாலி, அதை அவன் கொடுத்த மணியில் திரித்த நூலா தாங்கப்போகிறது? "அவனாக் குடுத்தானா, நீ கேட்டியா?"

"நான்தான் கேட்டேன். அந்தோணியண்ணன் மறந்துட்டாரு, திரும்பப் போயிக் கேட்டேன்."

"என்கிட்டே ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னொரு ஒட்டுப்பால் உருண்டை செய்வீங்க," என்று சிரித்தாள், குழாயடியில் சிரித்த அதே சிரிப்பு, அதில் வேறு எதுவும் இல்லை போலத்தான் இருந்தது, போலத்தான்... என் விரலில் ஒரு முனையைச் சுற்றிக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டு லயத்தோரமாகப் பின்னாலேயே நடந்தாள், இரண்டு கையாலும் முறுக்கினாள், நூல் எங்கள் இருவருக்கும் நடுவில் விறைத்து நடுங்கியது. கேட்டாள், சொல்லியும் விட்டாள், இனி என்ன தெரிய வேண்டும் எனக்கு? திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் எந்தத் திண்டாட்டத்துக்கு யாரிடம் போய்க் கேட்பாள், இன்னும் எத்தனை தடவை?

"இழுக்காதீங்க, அறுந்துடும்."

"நான் எங்கே இழுக்கிறேன், நீதான்..." என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன், அவள் கை அசையாமல் நின்றிருந்தது. என் விரல் நுனி ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. விட்டால் முறுக்குப் பிரிந்துவிடும். எவ்வளவு தளர்த்தினால் சரி என்று கேட்கலாம், அவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்லிவிடுவாள்...