மூணு நாள் முன்னாடி சொன்ன கேக்

விசாரணை காலை ஒன்பதேகாலுக்கு என்று கடிதத்தில் போட்டிருந்தது. வான்டா ஆறு மணிக்கே எழுந்து, தலைவாரி, சர்ச்சுக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறை மேசை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். விசாரணையோ போனில்தான். அவளை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

"சட்டையப் பாத்தா தீர்ப்பு எழுதப்போறாங்க?" என்றாள் எதிரே காப்பியோடு உட்கார்ந்திருந்த தங்கை ஜெரி. அவள் இன்னும் இரவு உடுப்பில்தான் இருந்தாள்.

"எனக்காகப் போட்டேன். நீ வாய மூடு."

அமெரிக்காவின் டொலிடோ நகரில் கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் வான்டா ஸ்மோலெக்குக்குப் பத்தொன்பது வருட வேலை. வெளியே போகும் பெட்டிகளின் லேபிளைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஓடும் பட்டையில் பெட்டிகள் தலைகீழாக வரும், பக்கவாட்டில் வரும், அவற்றைத் திருப்பிப் பார்க்க நேரம் கிடைக்காது. கண்தான் திரும்ப வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, மேனேஜர் க்ரெய்க் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இனி அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை, நாளையோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னார். வான்டா சரி என்றாள். போதாததற்கு நன்றி என்றும் சொல்லிவைத்தாள். அந்த ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறார்கள். என்ன சொன்னாலும் முகத்தைச் சுளிக்காமல் நன்றி சொல்ல வேண்டும், அழுவதென்றால் காருக்குள் போய் அழ வேண்டும். அவளும் காருக்குள் போய்த்தான் அழுதாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பெரிய கேக் ஒன்று வந்தது. வெள்ளைப் பூச்சின்மேல் நீல எழுத்தில் 'வாழ்த்துகள் வான்டா' என்று எழுதியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வான்டா கத்தியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள். மீந்த பாதியை அதே பெட்டியில் வைத்து அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. ஆளை நிறுத்தியதாகச் சொன்னால் கம்பெனி கட்ட வேண்டிய வரி ஏறும். அதனால் அவளே விரும்பி விலகிக்கொண்டதாக அரசுக்கு எழுதிப்போட்டார்கள். தானாக விலகியவருக்கு வேலையில்லாக் காலத்து உதவித்தொகை கிடையாது. இப்போது அவள் செய்திருப்பது மேல்முறையீடு. இதிலும் தோற்றால் வீட்டுத் தவணை கட்ட வழியில்லை. ஜெரிக்கு இடுப்பெலும்பில் கோளாறு, அவளால் வேலைக்குப் போக முடியாது. வீட்டை விற்றுவிட்டு இருவரும் எங்கே போவதென்று ஒருவருக்கும் தெரியாது.

மேல்முறையீடு செய்வதற்குள் அவள் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கே தலை சுற்றும். இணையத்தில் பதியச் சொன்னார்கள். பதிந்தால் கடவுச்சொல் காலாவதி என்றது. புதுக் கடவுச்சொல்லைத் தபாலில் அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்த அன்றே அதுவும் காலாவதி. போன் செய்தால் ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பிறகு காத்திருக்கச் சொல்லி ஒரே புல்லாங்குழல். ஐம்பது நிமிடம் புல்லாங்குழல் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, தவறான பிரிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் புல்லாங்குழலிடமே ஒப்படைத்தாள். இதற்கு நடுவில், பணம் வருகிறதோ இல்லையோ, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை 'இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்று பதிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் அந்த வாரம் போனதுதான்.

மணி ஒன்பதேகால் ஆனது. ஒன்பதரையும் ஆனது. போன் சும்மா கிடந்தது. வான்டா எழுந்து கழிப்பறைக்குப் போனாள். ஒன்பது நாற்பதுக்குப் போன் அலறியது. திரையில் 'மோசடி அழைப்பாக இருக்கலாம்' என்று வந்தது. ஜெரி வழக்கம்போல அதை வெட்டிவிட்டாள். தெரியாத எண்ணை அந்த ஊரில் யாரும் எடுப்பதில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கார் காப்பீடு விற்கக் கூப்பிடுவார்கள்.

"யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் வான்டா.

ஜெரி சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மேல்முறையீடு தள்ளுபடி என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வான்டா திட்டக்கூட இல்லை. போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு நிமிடம் கழித்து மோசடி மறுபடியும் கூப்பிட்டது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

விசாரணை அலுவலர் டில்மன் என்றொரு அம்மாள். சளி பிடித்த குரல். வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார். வான்டா உயர்த்தினாள், ஜெரியும் சேர்ந்து உயர்த்தினாள். அதே அழைப்பில் இணைந்திருந்த க்ரெய்க் முதலில் பேசினார். வியாழக்கிழமை வான்டாவே வந்து விலகுவதாகச் சொன்னாள், கிடங்கே வருந்தியது, பிரியத்தோடு கேக் வாங்கி வழியனுப்பினோம், நாங்கள் அனுப்பிய சான்றுகளில் பதினேழாம் பக்கத்தில் போட்டோ இருக்கிறது, அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் பாருங்கள் என்றார்.

வான்டாவுக்குக் காது சுட்டது. அது அப்படி இல்லை மேடம் என்று ஆரம்பித்தாள். இது அவரிடம் கேள்வி கேட்கும் நேரம், கேள்வி இருந்தால் மட்டும் கேளுங்கள் என்றார் அலுவலர். அவர்தான் என்னை நிறுத்தினார் என்றாள். அதுவும் கேள்வி இல்லை என்றார். பத்தொன்பது வருஷம் ஒருநாள் தாமதமாகப் போனதில்லை என்றாள். திருமதி ஸ்மோலெக், கேள்வி, என்றார்.

இந்தக் கேள்வி என்கிற சங்கதியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனைப் புல்லாங்குழலோடு ஓர் அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று வான்டாவுக்குத் தோன்றியது.

தபாலில் வந்த சான்றுக் கட்டில் அந்தப் பதினேழாம் பக்கத்தை அவள் முன்பே கவிழ்த்துப் போட்டிருந்தாள், சிரிக்கிற தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல். இப்போது ஜெரி அதை எடுத்துத் தன் பக்கமாக மேசையில் விரித்தாள். எதிரே இருந்த வான்டாவுக்குப் படம் தலைகீழாகத் தெரிந்தது. கேக்குக்குப் பின்னால் பெட்டியின் மூடி சாய்த்து வைத்திருந்தது. அது படத்திலேயே தலைகீழ். ஆகவே இங்கிருந்து பார்க்க நேராக இருந்தது. அதன் மூலையில் ஒரு லேபிள். பத்தொன்பது வருடம் பழகிய கண் தானாக அதைப் படித்தது.

"க்ரெய்க், கேக்குக்கு ஆர்டர் குடுத்தது யாரு?"

"நான்தான்." குரலில் பெருமைகூட இருந்தது.

"என்னைக்கு?"

"நீங்க வந்து சொன்ன பிறகுதான். வியாழக்கிழமை சாயங்காலம்."

"மேடம், அந்தப் பக்கத்துல மூடியில லேபிள் இருக்கு. ஆர்டர் தேதி திங்கட்கிழமைன்னு போட்டிருக்கு."

தாள் புரளும் ஓசை. தன் பிரதியில் அந்த இடம் வெறும் கறுப்பாக இருக்கிறது என்றார் அலுவலர். அது ஏதோ விலைச் சீட்டாக இருக்கும் என்றார் க்ரெய்க். வான்டாவுக்குக் கண்ணீர் முட்டியது. கையருகே வந்தது இப்படியா போக வேண்டும்?

அதற்குள் ஜெரி எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஃப்ரீசர் பக்கம் நடந்திருந்தாள். அந்தக் கேக்கைக் குப்பையில் போடு, என் கண்ணில் காட்டாதே என்று வான்டா எத்தனை தடவை கத்தியிருப்பாள்! நல்ல வெண்ணெயும் முட்டையும் போட்ட பண்டத்தை எறிய ஜெரிக்கு மனம் வரவில்லை. பட்டாணிப் பொட்டலங்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, லேபிள்மேல் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்டினாள்.

"பெட்டியே என்கிட்ட இருக்கு மேடம்," என்றாள் வான்டா. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தாள். "பேரு க்ரெய்க். ஆர்டர் மார்ச் பதினொண்ணு, திங்கள். எடுத்துக்கிறது மார்ச் பதினஞ்சு, வெள்ளி. எழுத வேண்டியது, வாழ்த்துகள் வான்டா."

"சார்," என்றார் அலுவலர், "அவங்க வியாழக்கிழமைதான் சொன்னாங்கன்னீங்க. திங்கட்கிழமையே ஏன் ஆர்டர் பண்ணீங்க?"

"உள்ள பழக்கூழ் வெச்ச கேக் மேடம். அந்தக் கடையில மூணு நாள் முன்னாடியே சொல்லணும்."

ஜெரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் அலுவலர் தட்டச்சு செய்யும் ஓசை மட்டும் கேட்டது.

"நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்றார் க்ரெய்க்.

"பதிவாயிடுச்சு சார்."

லேபிளைப் படம் பிடித்து அன்றே அனுப்பும்படி வான்டாவிடம் சொன்னார். முடிவு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே போனை வைத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. முந்தைய முடிவு ரத்து. மனுதாரர் தானாக விலகவில்லை, நிறுத்தப்பட்டார். வான்டா அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். இந்தத் தடவை காருக்குள் போகவில்லை. ஜெரியின் தோளிலேயே அழுதாள். பிறகு கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். நிலுவை வாரங்களைப் பெற இணையத்தில் நுழைந்து உறுதிசெய்க என்றிருந்தது. நுழைந்தாள். கடவுச்சொல் காலாவதி.

போனை எடுத்தாள். ஒன்றை அழுத்தினாள், நாலை அழுத்தினாள். புல்லாங்குழல் ஆரம்பித்தது. ஜெரி ஃப்ரீசரைத் திறந்து கேக்கை எடுத்து மேசையில் வைத்தாள். பாதி போக 'வான்டா' மட்டும் மீந்திருந்தது. இரண்டு கரண்டி எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகுமாம்?"

"எழுபது நிமிஷம்."

"அதுக்குள்ள இளகிடும்."

இளகியது. வான்டா தன் பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். பழக்கூழ் ராஸ்பெரி. கேக் நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.