அடியில் தட்டும் கதவு

பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்ப அவள் எடுத்தது பெட்டியில் இருந்ததிலேயே உயர்ந்த உளியை. பச்சை வெல்வெட் துணியின் மேல் ஏழு உளிகள் அளவு வாரியாகப் படுத்திருந்தன. அவற்றில் நடுவில் இருந்ததை, விருந்தாளிகளுக்குக் காட்டும்போது மட்டும் அவள் புருஷன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அந்த ஒன்றை உருவி, மூடியின் விளிம்புக்கடியில் செருகி அழுத்தினாள். மூடி எகிறி விழுந்தது. உள்ளே பெயிண்ட் எப்போதோ காய்ந்து கட்டியாகிப்போயிருந்தது. அதனால் ஒன்றும் இல்லை, அவளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையே கிடையாது. அந்த உளியால் எதையாவது நெம்ப வேண்டும், அவ்வளவுதான்.

காலையில்தான் செய்தி வந்திருந்தது. போனவன் போய் இரண்டு மாதம் கழித்து அனுப்பிய முதல் செய்தி. எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா என்றெல்லாம் இல்லை. 'ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். பட்டறை சாமானெல்லாம் எடுத்துக்கறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே.' தன்கூட வேலை பார்த்தவளோடு அவன் குடித்தனம் போனபோதுகூட அவளுக்கு அழுகைதான் வந்தது. இந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததும்தான் கோபம் வந்தது.

அவன் ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் குமாஸ்தா. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவன் 'மேஸ்திரி'. பின்கட்டு அறையில் அவன் சேர்த்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்து அவனுடைய அண்ணன் விளையாட்டாக வைத்த பேர். அவனுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி. சனிக்கிழமைகளில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு, சாயங்காலம் மிஷின் எண்ணெய் வாசனையோடு வெளியே வருவான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் ஆசையாக மரம் சீவுகிற இழைப்புளி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும். மறுநாள் அந்த இரும்பில் நான்கு விரல் தடம் செந்நிறத்தில் இருந்தது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்திருந்த மொத்தக் குடும்பத்துக்கும் காட்டினான். "பாத்துக்கங்க, என் பெண்டாட்டி தொட்டா துரு ஏறும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, தான் சிரித்ததை. அதற்குப் பிறகு பதினோரு வருடம், யாராவது கை கொடுக்க வந்தால்கூட அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சரி, தொட்டே பார்த்துவிடுவோம் என்று அன்று அறையில் ஒன்றுவிடாமல் தொட்டாள். ரம்பங்களின் தகடு, மூலைமட்டத்தின் முதுகு, சுத்தியல் தலை என்று ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, பத்து எண்ணும்வரை அழுத்தினாள். ஆனால் துரு என்பது உப்புத்தாள் போட்டால் போய்விடும் என்று அவளுக்கே தெரியும். அவள் ரெடிமேட் துணி ஆலையில் கட்டிங் பிரிவில் இருப்பவள், கத்தரி பிடித்துக் காய்த்த கை. இரும்பை அதைவிட நன்றாகக் கெடுக்க வழி இருக்கும். மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அந்த உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

கடையை நடத்துவது ஓர் அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"இதைக் கெடுக்கணும். திரும்ப யாராலயும் சரி பண்ண முடியாதபடி. என்ன பண்ணலாம்?"

அம்மாள் பெருமூச்சு விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உளியின் முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். அது சோப்பில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இதுல கெடுக்கறதுக்கு என்னம்மா இருக்கு?"

"நேத்து பெயிண்ட் டப்பா திறந்தேன்."

"அது தெரியுது, நுனில சின்னதா ஒரு பல்லு போயிருக்கு. நான் அதைச் சொல்லல. கம்பெனிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து இதை ஒருத்தரும் சாணைக்கல்லுல வச்சதே இல்ல. இந்தப் பாரு, பின்பக்கம் மிஷின் கோடு அப்படியே இருக்கு. இதால ஒரு ஐஸ் குச்சிகூட சீவ முடியாது. யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"என்ன வேலை பண்றாரு?"

"மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஆணிப் பெட்டிகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் செய்து முடித்த பொருள் ஏதாவது ஒன்று, ஒரு முக்காலி, ஒரு பலகை, யோசித்து யோசித்துப் பார்த்தாலும் நினைவுக்கு வரவில்லை. துடைத்திருக்கிறான், எண்ணெய் போட்டிருக்கிறான், மறுபடி துடைத்திருக்கிறான். பதினோரு வருடமும் தாழ்ப்பாளுக்குப் பின்னால் நடந்தது அவ்வளவுதான்.

சிரிப்பு நின்றபோது அவளுக்கு வேறு மாதிரிக் கோபம் வந்திருந்தது. கெடுத்துத் திருப்பிக் கொடுத்தால் அவன் ஊரெல்லாம் சொல்லிக் கண்ணைக் கசக்குவான், மேஸ்திரி மேஸ்திரியாகவே இருப்பான். அது கூடாது. அவன் சாயம் நாலு பேர் முன்னால், குறிப்பாக அவனுடைய அண்ணன் முன்னால், வெளுக்க வேண்டும்.

"சாணைக்கல் ஒண்ணு குடுங்க. அப்புறம் எனக்குன்னு ஒரு இழைப்புளி" என்றாள்.

அம்மாள் மூன்றை எடுத்துப் போட்டார். அவள் பளபளப்பாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணால வாங்காதே, கையால வாங்கு" என்றார் அம்மாள். முதலாவது கனம், மணிக்கட்டை இழுத்தது. இரண்டாவதன் பிடி அவள் கைக்குப் பெரிது, சுண்டுவிரல் வெளியே நின்றது. மூன்றாவது சின்னது, பார்வைக்கு ஒன்றுமில்லை. எடுத்தவுடன் அதன் முதுகு உள்ளங்கைக் குழியில் போய் உட்கார்ந்தது. நல்ல கத்தரியை முதல்முறை பிடிக்கும்போது வருகிற அதே நிம்மதி. உடனே நினைவு வந்து, கையை எடுத்து அவசரமாக உடையில் துடைத்தாள்.

"எதுக்குத் துடைக்கிறே?"

"கை வேர்க்கும். துரு பிடிச்சிரும்."

"வேலை முடிஞ்சதும் ஒரு துணியால துடைச்சு வச்சா போச்சு. காஞ்ச கைக்காரங்க எச்சில் துப்பிக்கிட்டுத்தான் பிடியப் பிடிக்கிறாங்க. உனக்கு அது மிச்சம்."

இவ்வளவுதானா? அவளுக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பதினோரு வருடத்தை யாரிடமாவது திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது. வாசல் கதவு அடியில் தட்டுகிறது, அதைச் சீவத்தான் என்று சொன்னாள். அம்மாள் ஒரு கட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். "கதவோட அடின்னா ரெண்டு ஓரத்துலயும் மரத்தோட வெட்டுவாய், நரம்பு குறுக்கே அறுபட்ட முனை இருக்கும். இந்த ஓரத்துலேர்ந்து பாதி, அந்த ஓரத்துலேர்ந்து பாதி, ரெண்டும் நடுவுல வந்து சேரணும். ஒரே இழுப்பா வெளிய ஓட்டினா மூலை பிஞ்சு வந்துரும். தெரியாதவங்க எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

அவள் அந்தக் கட்டைத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ஆலையிலிருந்து வந்ததும் நேராகப் பின்கட்டுக்குத்தான் போனாள். தான் பதித்த தடங்களையெல்லாம் முதலில் தேய்த்து எடுத்தாள். பிறகு கல்லை நனைத்து வைத்துக்கொண்டு, ஏழு உளிகளையும் அவனுடைய பெரிய இழைப்புளியின் அலகையும் ஒவ்வொன்றாகச் சாணை பிடித்தாள். கத்தரி பழகிய கைக்குச் சாய்வு சீக்கிரமே பிடிபட்டது. கல்லின் சத்தம் கரகரப்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் கத்தரி துணியில் ஓடுகிற மாதிரி மெல்லியதாக வரும். அது வந்துவிட்டால் காரியம் முடிந்தது. சாணை பிடித்த உளியைக் கட்டைமேல் வைத்தால் தட்டக்கூட வேண்டாம், கையழுத்தத்துக்கே இறங்கியது. சனிக்கிழமை தன்னுடைய சின்ன இழைப்புளியில் சுருள்சுருளாக வந்து விழுந்த மரச்சீவலைக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். சந்தோஷம் எது, வன்மம் எது என்று கேட்டிருந்தால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் கருவிகளை அவள் கூர் தீட்டியது அன்பினால் இல்லை. அலகு மழுங்கியிருக்கிறது என்று அவன் சொல்லித் தப்பிக்கக் கூடாது. அதே காரணத்துக்காகத்தான் இரண்டு உயரமான ஸ்டூல்களைத் துடைத்து வைத்தாள், முன்னறையில் பெரிய பல்பு மாட்டினாள்.

ஞாயிறு பத்து மணிக்கு வண்டி வந்தது. அவன், அவனுடைய அண்ணன், வண்டி ஓட்டுபவர். கதவைத் தள்ளியபோது அது வழக்கம்போலத் தரையில் உராய்ந்து முனகியது. தரையில் கால் வட்டத்துக்குக் கோடே விழுந்திருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தான். எல்லாம் பளிச்சென்று இருந்தன. குறை சொல்லத் தயாராக வந்தவனுக்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும்.

பெட்டிகள் வாசலுக்கு வந்ததும் அவள் அண்ணனைப் பார்த்து, "மாமா, போறதுக்கு முன்னாடி இந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சீவிக் குடுக்கச் சொல்லுங்க. தனியா இருக்கேன், சாத்தித் திறக்கறதுக்குள்ள உயிர் போகுது" என்றாள். குரலில் தேன் ஒழுகியது.

"அது மரம் ஊதியிருக்கு. வெயில் வந்தா சரியாயிடும்" என்றான் அவன்.

"பதினோரு வெயில் வந்துட்டுப் போயிருச்சு."

அண்ணன் சிரித்துவிட்டார். "டேய் மேஸ்திரி, உனக்கு ரெண்டு நிமிஷ வேலை. செஞ்சு குடுத்துட்டு வா."

மூன்று ஆண்களும் சேர்ந்து கீல்களைக் கழற்றி, கதவை இறக்கி, ஸ்டூல்களின் மேல் படுக்க வைத்தார்கள். நல்ல கனமான பழைய கதவு. அவன் தன் பெரிய இழைப்புளியை எடுத்தான். அலகு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அவன் பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்றே தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. முதல் தள்ளலில் அது மரத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். அவன் சிரிக்கப் பார்த்து, பல்லைக் கடித்து, முழுப் பலத்தோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே ஓட்டாக ஓட்டினான். சடக்கென்று சத்தம். எதிர் மூலையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சிராய் பிய்ந்து, அவனுடைய அண்ணன் காலடியில் போய் விழுந்தது.

அண்ணன் அதைக் குனிந்து எடுத்தார். அதைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அலமாரியிலிருந்து தன்னுடைய சின்ன இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஓரத்தில் தூளாக வந்தது, நடுவை நெருங்க நெருங்கச் சுருளாக வந்தது. நாலைந்து ஓட்டில் பாதிக் கதவு சீராகிவிட்டது. அண்ணன் "அடேயப்பா" என்றார். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் ஒரு வாரம் வாழ்ந்தாள். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. நெஞ்சு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அதேதான்.

அப்போது அவன் பக்கத்தில் வந்து நின்றான். கோபமாக வருவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்குக் கேட்காத குரலில், "அந்தப் பக்கத்தை நான் பண்ணட்டுமா? எப்படிப் பிடிக்கணும்னு காட்டு" என்றான். நடிப்பு இல்லை. கூடக் குடித்தனம் நடத்திய காலத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டிராத குரல் அது. தனக்கு எதுவும் தெரியாது என்பதை அவன் முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான்.

இதற்கு மட்டும் அவள் தயாராக இல்லை. ஒரு கணம் கை தானாகவே இழைப்புளியை அவன் பக்கம் திருப்பியது. பிறகு அந்தக் கூடமும், அந்தச் சிரிப்பும், தன் சிரிப்பும் நினைவுக்கு வந்தன.

"வண்டி நிக்குது" என்றாள்.

அவன் தன் பெரிய இழைப்புளியைப் பெட்டியில் வைத்து மூடினான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அண்ணன் கையிலிருந்த சிராயை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, வண்டிக்காரரோடு மிச்சப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனார். வெளியே அவர்கள் வண்டியில் சாமான் ஏற்றிக் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபாதியையும் சீவினாள். பிய்ந்த மூலையை உப்புத்தாளால் மழுக்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள், அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

கதவைத் தூக்கும்போதுதான் தெரிந்தது. அலகு, பல்பு, ஸ்டூல் என்று அத்தனையும் யோசித்தவள் இதை யோசிக்கவே இல்லை. ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் திருகாணி முடுக்க வேண்டும். கதவைக் கழற்ற மூன்று பேர் இருந்தார்கள். அவள் அதை நிமிர்த்தி, தோளைக் கொடுத்து, கால் விரல்களின் மேல் அடிப்பக்கத்தைத் தாங்கி நிலையோடு ஒட்டிப் பிடித்தாள். மேல் கீல் தன் பள்ளத்துக்கு அரை விரல் கீழே நின்றது. திருப்புளி தரையில் கிடந்தது. திறந்து கிடந்த வாசல் வழியாகத் தெரு முழுக்க வீட்டுக்குள் பார்த்தது. தெருமுனையில் வண்டி இன்னும் திரும்பவில்லை. இண்டிகேட்டர் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கதவின் மொத்தக் கனமும் கால் விரல்களில் இறங்க, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அதை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.