மேசை ஆடாத இடம்

மேசை கதவு நிலையில் இடித்தது.

"சாய்ச்சுப் பிடிங்க மாப்ள, இன்னும் கொஞ்சம்," என்றார் மச்சான்.

அவன் சாய்த்தான். முதலில் இரண்டு கால்கள் வெளியேறின, பிறகு பலகை, பிறகு மற்ற இரண்டு கால்கள். முன்னறை காலியானது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். அவளைக் கிடத்த இடம் வேண்டும்.

மூன்று நாள் முன்புவரை தலைவலி என்றுகூடச் சொல்லாதவள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இன்று விடியற்காலையில் முடிந்தது. கையெழுத்து வாங்கியவர்கள் உறவு என்ன என்று கேட்டார்கள். "புருஷன்," என்றான்.

மச்சான் அவளுடைய அண்ணன். பஸ் டிப்போவில் மெக்கானிக். மனசு சரியில்லை என்றால் கை சும்மா இருக்காது அவருக்கு. வந்ததிலிருந்து நாற்காலி இறக்கினார், பல்பு மாற்றினார், ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக்கூட இறுக்கிவிட்டார். இப்போது மேசையைத் தாழ்வாரத்தில் போட்டு, எதிர்வீட்டு டீச்சர் கொண்டுவந்த டீயையும் டம்ளர்களையும் அதன்மேல் வைத்தார்.

மேசை ஆடியது. ஒரு டம்ளர் சரிந்து டீச்சரின் புடவையில் கொட்டியது.

"ஏன் இப்படிக் கூத்தாடுது இது? கடையில வாங்குடின்னு அப்பவே தலையா தலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?" என்றார் மச்சான்.

"ஒரு அட்டையை மடிச்சுக் கால்ல சொருகுங்க தம்பி," என்றார் டீச்சர்.

"அட்டையெல்லாம் எதுக்குங்க? ரெண்டு நிமிஷ வேலை."

அவன் உள்ளே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிமெண்டில் நான்கு பென்சில் மூலைகள். மேசைக் கால்கள் நிற்க வேண்டிய இடம். அவள் போட்டது.

கடையில் மேசை விலையைக் கேட்டுவிட்டு இருவரும் பேசாமல் நடந்து வந்த மாலையில் ஆரம்பித்தது அது. அவள் வேலை பார்த்த கிடங்கில் இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பிரித்த பலகைகளில் இருபதைக் கேட்டு வாங்கிவந்தாள். ஆணி பிடுங்கவே இரண்டு ஞாயிறு போயிற்று. அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை வைத்து முடுக்கி நிமிர்த்தினால், ஆடியது. அவன் ஒரு காலைக் கொஞ்சம் வெட்டினான். வேறு பக்கம் ஆடியது. அதையும் வெட்டினான். மூன்றாவது வெட்டில் அசையாமல் நின்றது. பெருக்குவதற்காக அவள் நகர்த்தினாள். மறுபடி ஆடியது.

"கணக்குல பட்டம் வாங்கினவரு," என்றாள். "இன்னும் ரெண்டு நாள் விட்டா இதை மணையா ஆக்கிடுவீங்க. மக்கு."

அப்புறம்தான் அவள் ரசமட்டத்தை மேசையில் வைக்காமல் தரையில் வைத்துப் பார்த்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"மேசை மேல தப்பே இல்லைங்க. தரைதான் கோணல். நீங்க கோணலுக்குத் தோதா வெட்டி வச்சிருக்கீங்க."

இனி அந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் அது ஆடாமல் நிற்கும். அந்த இடத்தைத் தேடிக் குறித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

வெளியே ரம்பம் மரத்தில் இறங்கும் சத்தம் கேட்டது.

அவன் ஓடினான். மேசை ஒருக்களித்துக் கிடந்தது. மச்சான் அதன்மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார், அவர்களுடைய ரம்பம்தான். காலின் நுனியில் ஒரு நகக்கண் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவன் ரம்பத்தைப் பல்லோடு சேர்த்துப் பிடித்தான்.

"வெட்டாதீங்க மச்சான்."

"கையை எடுங்க, கிழிச்சிடும்."

"வெட்டாதீங்க."

"ஆடுதே மாப்ள. நாலு பேரு வர்ற இடம்."

"இங்க ஆடும். அதோட இடத்துல ஆடாது."

மச்சான் அவன் விரலைப் பார்த்தார். ரம்பத்தின் பல்லில் ரத்தம் பூத்திருந்தது. பிடியை விட்டார்.

"சரி. டம்ளரைத் தரையில வைப்போம்."

வண்டி பத்தரைக்கு வந்தது. மேசை இருந்த இடத்தில் அவளைக் கிடத்தினார்கள். யார் யாரோ வந்தார்கள், அவன் தோளைத் தொட்டார்கள். அவளுடைய இடது கட்டைவிரல் நகத்தில் சுத்தியல் பட்ட கறுப்பு இன்னும் இருந்தது. நகம் வளர வளர அது பாதிவரை ஏறி வந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் வெட்டி எறிந்திருப்பாள். ஒரு மணிக்கு எடுத்துக்கொண்டு போகும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பியபோது மணி நான்கு. கூட்டம் மிதித்த அறையை டீச்சர் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார். தரை பளிச்சென்று இருந்தது. பென்சில் மூலை ஒன்றுகூட இல்லை.

"போட்டது போட்டபடி கிடந்துது. உங்களால இப்ப முடியாதேன்னு..." என்றார் டீச்சர்.

அவன் குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தான்.

"துணிமணி எடுத்துக்குங்க மாப்ள," என்றார் மச்சான். "ஒரு மாசம் நம்ம வீட்ல இருங்க. இந்த மேசையை யாராவது கேட்டாக் குடுத்துடலாம்."

"இல்ல மச்சான். இங்கயே இருக்கேன். மேசையை உள்ள போடணும்."

"இப்பவேவா?"

"அந்தப் பக்கம் பிடிங்க."

உள்ளே கொண்டுவந்து, எந்தக் கால் எங்கே என்று பார்க்கக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு காலின் உட்புறத்திலும், பலகையை ஒட்டி, பென்சிலில் எழுதியிருந்தது. எப்போது எழுதினாள் என்று அவனுக்குத் தெரியாது. மச்சான் குனிந்து உரக்கப் படித்தார்.

"ஜன்னல். கதவு. அடுப்படி. மக்கு." நிமிர்ந்தார். "மக்குன்னா எந்தப் பக்கம்?"

"நான் உக்கார்ற பக்கம்."

மச்சான் சிரிக்க வாயெடுத்தார். வாய் பாதியில் கோணிக்கொண்டது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்க. அவன் காத்திருந்தான்.

"பிடிங்க மச்சான்."

திசை தெரிந்துவிட்டது. இடம் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு விரற்கடை தள்ளினார்கள். ஆடியது. கதவுப் பக்கம் இரண்டு விரற்கடை. ஆடியது. தூக்கி வைத்தார்கள், மூலையை அமுக்கிப் பார்த்தார்கள், மறுபடி தூக்கினார்கள். விரலில் சுற்றிய துணி நனைந்து சிவந்தது. ஜன்னல் வெயில் சுவரில் ஏறிப் போய்விட்டது.

"இந்நேரம் ஒரு இன்ஜினையே இறக்கி மாட்டியிருப்பேன்," என்றார் மச்சான்.

"அடுப்படிப் பக்கம். ஒரு நூல் அளவுதான்."

நகர்த்தினார்கள். அவன் மூலையை அமுக்கினான். சத்தமில்லை. அடுத்த மூலை, அதற்கடுத்தது. மச்சான் வந்து இரண்டு கையையும் ஊன்றித் தன் முழு எடையையும் போட்டார். மேசை அசையவில்லை.

"அடிப்பாவி," என்றார் மெதுவாக.

எதிர்வீட்டிலிருந்து இரண்டு டம்ளர் டீ வாங்கிவந்து வைத்தார். விளிம்புவரை இருந்தது.

அவன் டப்பாவிலிருந்து பெரிய ஆணியாகப் பார்த்து எடுத்தான். ஜன்னல் காலருகே மண்டியிட்டு, காலை ஒட்டித் தரையைக் கீறினான்.

"வீட்டுக்காரர் பார்த்தாக் கத்துவாரு மாப்ள."

"கத்தட்டும்."

சிமெண்டு பொடியாக உதிர்ந்தது. ஊதினான். ஆழம் போதவில்லை, மறுபடி கீறினான். கதவு முடிந்தது. அடுப்படி முடிந்தது. கடைசிக் காலுக்கு வந்தபோது மச்சான் தன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். அவன் மேசையில் தோளை முட்டுக்கொடுத்து ஆணியை அழுத்தினான். மேலே டம்ளரில் டீ அப்படியே இருந்தது.