மேல் வீட்டு நடை

அச்சகத்தில் அவரை ‘ஒற்று’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு புத்தக அட்டையில் ‘க்’ விட்டுப்போனதற்காக, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தவைத்தார்; அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

மகளின் பிரசவத்துக்காக மனைவி ஊருக்குக் கிளம்பிய மறுவாரமே ஒற்று ஒரு காரியம் செய்தார். பதினைந்து வருஷமாக வீட்டில் பாடிய ஆம்ப்ளிஃபயரை மூலையில் தூக்கி வைத்துவிட்டு, பழைய ரேடியோ பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடமிருந்து ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். மனைவி இருந்திருந்தால், “இருக்கறது என்ன, பாட மாட்டேன்னு அடம் பிடிச்சுதா?” என்று கேட்டிருப்பாள்.

மெக்கானிக்கே வந்து மாட்டிக்கொடுத்தார். கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கிய பலகையில் அதை வைத்தார்கள்.

“போட்ட உடனே பாடாது சார். வால்வு சூடாகணும். கொஞ்சம் பொறுங்க.”

கண்ணாடிக் குழல்களுக்குள் மெல்லச் செம்மஞ்சள் வெளிச்சம் ஊறியது. அப்புறம் வயலின் எழுந்தது. நூறு தடவை கேட்ட இசைத்தட்டுதான். ஆனால் வில் நரம்பைத் தொடுவதற்கு முன் வாசித்தவர் மூச்சிழுத்தது அன்றுதான் அவர் காதில் விழுந்தது. ஒற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் பார்க்கிறாரே என்று மூக்கைச் சிந்திச் சமாளித்தார்.

நான்காம் நாள் சாயங்காலம் தட்டை மாற்ற எழுந்தவர், ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வரவே அப்படியே நின்றார். நகத்தால் கண்ணாடியைச் சுண்டியதுபோல மெல்லியதாக, ‘டிங்’. கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஏழெட்டு வந்தது, நின்றது, திரும்பவும் ஏழெட்டு. யாரோ அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது மாதிரி. தலையைத் தூக்கிக் கேட்டார். கூரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மணி ஆறு பத்து.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“ஒரு வால்வுக்குள்ள கம்பி ஆடுது சார். அதிர்வு பட்டா மைக் மாதிரி எடுத்துக் கொடுத்துரும். பலகை கூரையில தொங்குதில்ல? மேல யாரோ நடக்கறாங்க, அவ்வளவுதான்.”

“மேல வீடு காலிங்க.”

“அப்ப நீங்கதான் பாத்துச் சொல்லணும்” என்று சிரித்தார் மெக்கானிக்.

ஒற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் வீட்டில் முன்பு ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த மனிதர் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அறைக்குள்ளேயே அரைமணி நேரம் நடப்பார். தொம் தொம் என்று கேட்கும். மெய்ப்புத் தாளில் கண் நிற்காது. ஒற்று குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதில் கிழமை, மணி, நிமிஷம் எல்லாம் குறித்திருந்தார். ‘மாலை 6.10 முதல் 6.40 வரை’. அந்த மனிதர் கீழே இறங்கி வந்து, “மன்னிச்சிருங்க. இனிமே கேக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அந்த அம்மாவை அவளுடைய தம்பி வந்து அழைத்துப்போனதையும், கதவில் பூட்டுத் தொங்கியதையும் ஒற்று கண்ணால் பார்த்திருந்தார்.

பேய் பிசாசு என்று யாராவது பேசினால் கேலி செய்கிறவர் அவர். ஆனாலும் மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். தட்டு எதுவும் போடவில்லை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டுவிட்டு, கடிகாரத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு பத்துக்கு நடை ஆரம்பித்தது. ஆறு நாற்பதுக்கு நின்றது. கடிதத்தில் அவர் குறித்த அதே நிமிஷங்கள். ஒரு வாரம் இப்படியே போனது. வயலினும் இல்லை, வாய்ப்பாட்டும் இல்லை. அந்தச் சத்தம் மட்டும்தான். சாப்பாடு இறங்கவில்லை. அச்சகத்தில் அவர் திருத்திய தாளில் முதல் தடவையாக இரண்டு பிழைகள் அப்படியே அச்சேறின.

எட்டாம் நாள், நடை கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாடி ஏறினார். மேல் வீட்டுக் கதவில் பூட்டு இல்லை. காதை வைத்துப் பார்த்தார். உள்ளே நிசப்தம். ஒரு தட்டு தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. அந்த அம்மாதான். காலில் கம்பளிக் காலுறை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. அவரைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

“கேட்டுச்சாங்க? நான் மெதுவாத்தானே நடந்தேன்.”

“நீங்க... எப்ப வந்தீங்க?”

“எட்டு மாசம் ஆகுதே.”

அவள் தோளுக்குப் பின்னால் வீடு தெரிந்தது. நாற்காலிக் கால்களில் துணி சுற்றியிருந்தது. தரை முழுக்கப் பழைய போர்வைகள். சமையலறைக் குழாய் வாயில்கூடச் சொட்டும் தண்ணீர் சத்தம் போடாதபடி ஒரு நாடா கட்டித் தொங்கியது. சுவரில், கண்ணில் படுகிற உயரத்தில், அவருடைய மூன்றாவது கடிதம்.

“அவர்தான் ஒட்டி வச்சாரு. நேரமெல்லாம் ஞாபகம் இருக்கணும்னு” என்றாள். “தினம் நடக்கணும், படி ஏறி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. கீழ தொந்தரவா இருக்குன்னு அப்புறம் கட்டில்லயே உக்காந்துட்டாரு. இப்ப எனக்கும் மூட்டு புடிச்சுக்குது. அதான் அவர் நடக்கற நேரத்துல கொஞ்சம்...”

குரலில் குற்றச்சாட்டு துளிகூட இல்லை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க எப்படி வேணும்னாலும் நடங்க. செருப்புப் போட்டுட்டு நடங்க. எனக்கு ஒண்ணுமில்ல. கெஞ்சிக் கேக்கறேன்.”

“சரிங்க” என்றாள். கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

அன்றைக்கும் மறுநாளும் மேலே எதுவும் மாறவில்லை. அவர் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. அந்த ஒற்றை வால்வுக்கு மட்டும்தான் எட்டியது. மூன்றாம் நாள் அதுவும் நின்றுபோனது. அந்த அம்மா இப்போது கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. திரும்பப் போய்க் கதவைத் தட்டலாம். தட்டினால் அவள் இன்னும் பயப்படுவாள். இரண்டு தடவை பாதிப் படி ஏறி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி போன் செய்தாள். பேத்தி கை முஷ்டியை வாயில் வைத்துக்கொள்கிறதாம், அச்சு அசல் தாத்தாவாம். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏங்க குசுகுசுன்னு பேசறீங்க? வீட்ல யாராவது தூங்கறாங்களா?”

“யாருமில்ல” என்றார். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.